புது லேப்டாப் வாங்குறதுக்கு முன்னாடி பழசை ஒருதடவை திறந்து பாருங்க

2025 கடைசியில ரேம் (வேலை நடக்கும்போது டேட்டாவை வெச்சுக்கிற மெமரி) விலை எகிற ஆரம்பிச்சதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், லேப்டாப் ஊர்ந்துக்கிட்டு இருக்கு, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, இப்பவே புதுசு வாங்கிடவா இல்ல விலை இறங்குற வரைக்கும் பொறுக்கவான்னு. ரெண்டுக்கும் முன்னாடி கையில இருக்கிற மெஷின் ஏன் ஸ்லோவா இருக்குன்னு கண்டுபிடிங்க. அதுக்கு பத்து நிமிஷம் போதும், காசும் வேணாம்.

விலை ஏன் ஏறுச்சுன்னு தெரிஞ்சா எதுக்கு செலவு பண்ணணும்னு புரியும். ரேமுக்குள்ள இருக்கிற டிராம் சிப்புல பெரும்பகுதியை செய்றது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணு கம்பெனிதான், மூணு பேரும் ஏஐ சர்வருக்கு போற எச்பிஎம் மெமரி பக்கம் திரும்பிட்டாங்க, அதே அளவு மெமரியை எச்பிஎம்மா செய்யணும்னா நம்ம லேப்டாப்ல போடுற டிடிஆர்5 ரேமை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு வேஃபர் (சிப் வெட்டி எடுக்கிற சிலிக்கான் தட்டு) போகுதுன்னு மைக்ரானே சொல்லியிருக்கு, அப்போ நமக்கு மிஞ்சுறது குறையத்தானே செய்யும். 2025 டிசம்பர்ல க்ரூஷியல் பிராண்டுல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கிறதையே நிறுத்தப்போறோம்னு மைக்ரான் அறிவிச்சது இதனாலதான். ஃபைலை சேமிக்கிற வேகமான டிரைவான எஸ்எஸ்டி-க்குள்ள இருக்கிற ஃபிளாஷ் சிப்பும் இதே இழுபறியில மாட்டிக்கிச்சு. அதனால தேவையானதை மட்டும் வாங்கணும், "இருக்கட்டுமே 32 ஜிபி"ன்னு வாங்குற நேரம் இது இல்ல.

சரி, செக் பண்றது எப்படின்னா, கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை திறங்க, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்கு போங்க, நீங்க தினமும் பண்ற வேலையை அப்படியே பண்ணுங்க, பிரவுசர்ல வழக்கமா திறக்குற டேப் எல்லாம் திறங்க. டிஸ்க் 100 சதவீதத்துல போய் நின்னுக்கிட்டு இருந்து, டிஸ்க் டைப்ல எச்டிடின்னு (தட்டு சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க்) போட்டிருந்தா குற்றவாளி அதுதான், ரேமை எவ்ளோ ஏத்தினாலும் பெருசா மாறாது. டிஸ்க் எஸ்எஸ்டியாவே இருந்து மெமரி 90-ஐ தாண்டி நிக்குதுன்னா ரேம் பத்தல. ரெண்டும் சும்மா இருக்கு, சிபியு மட்டும் வேகம் குறைஞ்சு குறைஞ்சு ஓடுது, ஃபேன் கத்துதுன்னா அது சூட்டு பிரச்சனை, ஃபேன்ல அடைச்சிருக்கிற தூசியை எடுத்து சிபியு சூட்டை கடத்துற தெர்மல் பேஸ்ட்டை மாத்தினாலே சரியாக நிறைய வாய்ப்பு இருக்கு.

அதே மெமரி பக்கத்துல கீழ ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு ஒரு வரி இருக்கும், 2-ல 1-ன்னு இருந்தா ஒரு ஸ்லாட் காலி. ஃபார்ம் ஃபாக்டர்ங்கிற வரியில சோடிம்னு (SODIMM) வந்தா கழட்டி மாத்தலாம், ரோ ஆஃப் சிப்ஸ்னு வந்தா போர்டுலயே சால்டர் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா இதை மட்டும் நம்பி ரேம் ஆர்டர் போட்டுடாதீங்க, சில மாடல்ல பாதி சால்டர், பாதி ஸ்லாட்டுன்னு இருக்கும், உங்க மாடல் நம்பரை போட்டு சர்வீஸ் மேனுவல் தேடி எடுத்து அதுல அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏத்துக்கும்னு பாத்துட்டு வாங்குங்க. டிடிஆர்4-ம் டிடிஆர்5-ம் ஒன்னுக்கு பதில் ஒன்னு போட முடியாது, வெட்டு இருக்கிற இடமே வேற, வோல்டேஜும் 1.2, 1.1-ன்னு வேற வேற, அழுத்தி நுழைக்க பாத்தா ஸ்லாட்தான் உடையும்.

என் அனுபவத்துல எச்டிடி-யில இருந்து எஸ்எஸ்டி-க்கு மாறுறது மாதிரி ஒரு வித்தியாசம் வேற எதுலயும் கிடையாது. என் அக்கா பையனோட லேப்டாப் ஆன் ஆகி முழுசா வர்றதுக்கு நாலு நிமிஷம் எடுக்கும், அவன் அதை ஆன் பண்ணி வெச்சுட்டு குளிக்க போயிடுவான், எஸ்எஸ்டி போட்டதுக்கப்புறம் இருபது செகண்டுக்குள்ள வந்துடுச்சு, ரேமை தொடவே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துலயே உக்காருற ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு கிட்டத்தட்ட 550 எம்பி வேகத்துல படிக்கும், எம்.2-ங்கிற சின்ன ஸ்லாட்ல மாட்டுற ஜென் 3 என்விஎம்இ எஸ்எஸ்டி 3500 வரைக்கும் போகும், கேக்க பெரிய வித்தியாசமா இருந்தாலும் பிரவுசரும் டாக்குமென்ட்டும் மட்டும் பாக்குற ஆளுக்கு கையில அவ்ளோ தெரியாது, அதனால எம்.2 ஸ்லாட் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. எம்.2 இருந்தாலும் அது சாட்டா மட்டும்தான் எடுக்குமா என்விஎம்இ-யும் எடுக்குமான்னு மேனுவல்ல பாருங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், இதுல ஏமாந்தவங்க நிறைய பேர்.

டேட்டாவை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வேலை, மறக்கவே கூடாத வேலை. டிஸ்க்கை பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, சில லேப்டாப்ல நம்மள கேக்காமயே டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கிற பேர்ல ஆன் ஆகியிருக்கும். ரெகவரி கீயை பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் அதை ஆஃப் பண்ணி டீக்ரிப்ட் முடியுற வரைக்கும் காத்திருங்க. இல்லன்னா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) ஏதாவது மாத்தினதும் 48 இலக்க கீ கேட்டு நிக்கும், கீ இல்லன்னா போட்டோ, ஃபைல் எதையும் மீட்க முடியாது. முக்கியமானதை எல்லாம் வேற ஒரு டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, குளோன்ஸில்லாங்கிற சாஃப்ட்வேர் வெச்சு பழைய டிஸ்க்கை அப்படியே புதுசுக்கு குளோன் பண்ணலாம், பழைய டிஸ்க்கை விட புதுசு சின்னதா இருந்தா அதுல தகராறு வரும், நானா இருந்தா புதுசா இன்ஸ்டால் பண்ணிடுவேன்.

திறக்கும்போது சார்ஜரை பிடுங்கிட்டு, ஷட்டவுன் பண்ணிட்டு, பின்பக்கத்தை கழட்டினதும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க. ஸ்க்ரூ நீளம் இடத்துக்கு இடம் மாறும், ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே டேப் போட்டு ஒட்டி வைங்க, நீளமானதை தப்பான இடத்துல முறுக்கினா போர்டுல ஓட்டை விழும். ரேமை சாய்ச்சு உள்ள தள்ளி கீழ அழுத்தினா ரெண்டு பக்கமும் கிளிக்குன்னு பிடிக்கும். மாட்டிட்டு முதல் தடவை ஆன் பண்ணும்போது கொஞ்ச நேரம் ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கலாம், டிடிஆர்5-ல இது சகஜம், பயந்துபோய் பட்டனை அமுக்காம சில நிமிஷம் விடுங்க.

விலை இப்படி இருக்கிறப்போ பழைய ரேம் வாங்குறது நியாயம்தான், நானும் வாங்கியிருக்கேன். ஒருதடவை டெஸ்ட் பண்ணாம மாட்டிட்டு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா காப்பி பண்ண போட்டோ பாதி கெட்டுப்போய் இருந்துச்சு, மெஷின் ஒருதடவை கூட கிராஷ் ஆகல, அதான் கொடுமை. அதுக்கப்புறம் எந்த ரேம் வந்தாலும் ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுறேன், ஒரே ஒரு எரர் வந்தாலும் திருப்பி கொடுத்துடுவேன்.

கடைசியா ஓஎஸ். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட்டுன்னு ரெண்டு பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்ல பெரும்பாலும் 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு. டிபிஎம் இல்லன்னு காட்டினா உடனே கைவிட்டுடாதீங்க, பயாஸ்ல பிடிடி அல்லது எஃப்டிபிஎம்ங்கிற பேர்ல ஆஃப்ல கிடக்கலாம், ஆன் பண்ணிட்டு திரும்ப பாருங்க. லிஸ்ட்ல இல்லாத மெஷினுக்கு விண்டோஸ் 10-ல எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு என்ரோல் பண்ணலாம், 2025-ல அறிவிச்சபடி வீட்டு மெஷினுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதுக்கு மேல ஓட்டணும்னா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போடலாம், அதோட 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, இன்ஸ்டால் பண்ணாமயே பென் டிரைவ்ல இருந்து ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்துக்கலாம்.

கழட்டின பழைய எச்டிடி-யை உடனே அழிக்காதீங்க, யுஎஸ்பி கேஸ் ஒன்னு வாங்கி அதுல போட்டு ஒரு மாசம் அப்படியே வைங்க, ஏதாவது ஃபைல் விட்டுப்போச்சுன்னா அதுக்குள்ள தெரிஞ்சுடும், அப்புறமா ஃபார்மட் பண்ணி பேக்கப்புக்கு வெச்சுக்கலாம்.