மெட்ராஸ் கடற்கரை எங்கிரேவிங் வாங்கப் போறீங்களா? பேப்பரை முதல்ல பாருங்க

எங்கிரேவிங்னா தகட்டுலயோ மரக்கட்டையிலயோ செதுக்கி அச்சடிச்ச படம். இப்படிப் பழைய மெட்ராஸ் பிரிண்ட் வாங்க வர்றவங்க பாதி பேர் அலை, கட்டுமரம், தேங்காநார் கயிறால தைச்ச மசூலா படகுன்னு படத்துலயே சொக்கிப் போயிடறாங்க, கடைக்காரரும் மூஞ்சியைப் பாத்தே விலையை ஏத்திடுவாரு. 1797ல லண்டன்ல டேனியல்ங்கற ஓவியர் வெளியிட்ட ஜார்ஜ் கோட்டை படத்துலயும் சரி, அதைக் காப்பி அடிச்சு போட்ட காலண்டர்லயும் சரி, படம் ஒண்ணேதான். காசு பேப்பருக்கும் மைக்கும்தான் குடுக்கறோம்.

நகைக்கடைக்காரங்க வெச்சுப் பாக்கற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. அதை நேரா படத்துல இருக்கற வானத்து மேல வைங்க, படகு மேல வேணாம். கலர் கலரா புள்ளி வரிசை கட்டி நின்னா ஆஃப்செட், அதாவது இந்தக் காலத்து மெஷின் அச்சு, பேசாம திருப்பிக் குடுத்துடுங்க. செம்புத் தகட்டுல செதுக்கினதுன்னா கோடு முழுசா, அடர்த்தியா, நுனில கூரா இருக்கும். டேனியல் பண்ணது அக்வாடின்ட், அதாவது தகட்டை ஆசிட்ல அரிச்சு அச்சடிக்கற முறை, அதுல மேகமும் நிழலும் ரவையை இறைச்ச மாதிரி ஒழுங்கில்லாத பொடிப் பொடியா தெரியும். கையால கலர் பூசினதுன்னா எங்கயாவது கோட்டுக்கு வெளியில வழிஞ்சிருக்கும், அது நல்ல அறிகுறிதான்.

அடுத்து தகட்டோட விளிம்பு பேப்பர்ல அழுந்தின தடம் இருக்கான்னு பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. ஓரத்தை ரொம்ப வெட்டியிருந்தா தடமும் போயிருக்கும், விலையும் குறையணும். தடத்தைப் போலியாவும் அழுத்தலாம், அதனால அதை மட்டும் நம்பி வாங்காதீங்க. பேப்பரை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா வாட்டர்மார்க், அதாவது பேப்பர் செய்யும்போதே பதிஞ்ச குறி, தெரியலாம், 1794க்கு அப்புறம் இங்கிலீஷ் பேப்பர்ல வருஷமே இருக்கறது உண்டு, படத்துக்கு அடியில 1797ன்னு போட்டு வாட்டர்மார்க்ல 1820ன்னு இருந்தா அது பின்னாடி அடிச்சது.

அந்த அடி வரியை விடாம படிங்க. யான் வான் ரைன்ங்கற ஓவியரோட ஜார்ஜ் கோட்டை படம் 1754ல வந்துச்சு, அதையே 1794ல லாரி அண்ட் விட்டில்னு வேற கம்பெனி மறுபடி வெளியிட்டாங்க, கோட்டை மட்டும் 40 வருஷமா அப்படியே நிக்குது பாருங்க!

அடி வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தா கலங்கரை விளக்கத்தைத் தேடுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. விளக்கு கோட்டைக்குள்ள இருக்கற கட்டிடத்து மாடியில இருந்தா அந்தக் காட்சி 1796க்கு அப்புறம். இப்ப ஹைகோர்ட் வளாகத்துல நிக்கற உயரமான கல் தூண் தெரிஞ்சா 1844க்கு அப்புறம். ஹைகோர்ட் கோபுரத்து மேலயே விளக்கு எரிஞ்சா 1894க்கு இந்தப் பக்கம். இது காட்சியோட காலம்தான், அச்சடிச்ச காலத்துக்கு பேப்பர்தான் சாட்சி.

கையில காசு கம்மின்னா இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பக்கங்கள்ல ஆரம்பிங்க, 1842ல தொடங்கின பத்திரிகை, படமெல்லாம் மரக்கட்டையில செதுக்கி அடிச்ச அச்சு. பின்பக்கம் செய்தி அச்சாகியிருக்கறதைப் பாத்து கவலைப்படாதீங்க, அதுதான் ஒரிஜினல்ங்கறதுக்கு ஆதாரமே. பெரிய படமா இருந்தா பல கட்டையைச் சேர்த்து அடிச்சிருப்பாங்க, சேர்ந்த இடத்துல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும். கலர் இருந்தா பெரும்பாலும் பின்னாடி யாரோ பூசினது, அதுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்காதீங்க.

ஆன்லைன்ல வாங்கினா ஃப்ரேமைக் கழட்டி பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மாட்டேன்னா விட்டுடுங்க. பழுப்புப் புள்ளி ஓரத்துல இருந்தா பரவால்ல, வானத்து நடுவுல இருந்தா பேரம் பேசுங்க.

வீட்டுக்கு வந்ததும் லாமினேஷன், செலோடேப் ரெண்டும் கூடவே கூடாது. ஃப்ரேம் கடையில சொல்லலைன்னா ஹார்ட்போர்டுல ஃபெவிகால் தடவி ஒட்டிடுவாங்க, கூடவே நின்னு ஆசிட் இல்லாத மவுண்ட்தான் (படத்தை வைக்கற அட்டை) வேணும்னு கேளுங்க. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெயில் படற சுவரும் வேணாம், மழைக்காலத்துல ஓதம் அடிக்கற சுவரும் வேணாம்.

இன்னொண்ணு, இங்க வாங்கினதை வெளிநாட்டுல இருக்கற அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிஃப்ட்டா பார்சல் போட்டுடலாம்னு நினைக்காதீங்க, 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருளை தனியாள் ஏற்றுமதி பண்ண முடியாது.