யாழ்ப்பாணக் கோட்டையைப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி?

கோட்டைக்குக் குடும்பமாகப் போகும் பலர் வாசலால் நேரே உள்ளே போய், இடிந்த சுவருக்கு முன்னால் நாலு படம் எடுத்து, வெயில் தாங்காமல் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள். "பார்க்க ஒண்டுமில்லை, எல்லாம் உடைஞ்சுபோச்சு" என்ற கதையோடு வீடு வந்து சேர்கிறார்கள். எனக்கு அதில் மெத்த வருத்தம். பார்க்கும் ஒழுங்கை மாற்றினால், உடைந்து கிடப்பதே பிள்ளைகளுக்கு 400 வருடக் கதையைச் சொல்லும். முதன்முறை போகிறவர்களுக்காக அந்த ஒழுங்கை எழுதுகிறேன்.

படி 1: காலையில் நல்லூர்

கோட்டைக்கு முதலே போகாதீர்கள். அது பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கட்டியது. அவர்கள் வர முன்னர் இங்கே யார் ஆண்டார்கள் என்று தெரியாத பிள்ளைக்குக் கோட்டை வெறும் கல்தான். யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் நல்லூர். அதனால் பருத்தித்துறை வீதியில் தொடங்குங்கள். முத்திரைச் சந்தியில் குதிரைமேல் சங்கிலியன் சிலை நிற்கிறது. கிட்டவே சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரி மனையும். இவை இன்று நிற்கும் கோலத்தில் பிற்காலக் கட்டட வேலை நிறைய உண்டு. ஆகவே "இதுதான் அரசன் இருந்த வீடு" என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லாமல், "அரசிருக்கை இருந்த வளவு இது" என்று சொல்வதே நேர்மை. மந்திரி மனை பழுதடைந்த கட்டடம், வெளியில் நின்றே பாருங்கள். 'ப' வடிவக் கேணியான யமுனா ஏரியையும் விடவேண்டாம்.

இங்கே ஒரு செய்தியைப் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினார்கள். கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் ஒலிவேரா என்ற தளபதி பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அந்தக் கோயிற் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின என்று எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். பின்னேரம் கோட்டைக்குப் போனதும் பிள்ளைகள் தாங்களாகவே சுவரை உற்றுப் பார்ப்பார்கள்.

படி 2: மத்தியானம் வீட்டில்

கோட்டை மதிலின் மேல் நிழல் கிடையாது. 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் அங்கே பிள்ளைகளை நடத்துவது கொடுமை. சாப்பிட்டு, ஒரு கண் நித்திரை கொண்டுவிட்டு வெளிக்கிடுங்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, காலை மூடிய சப்பாத்து. சிறுநீர் கழிக்கிற அலுவலை வீட்டிலேயே முடிக்கச் சொல்லுங்கள்.

படி 3: முதலில் வெளியே நில்லுங்கள்

கோட்டை பண்ணைக் கடலோரத்தில், பொது நூலகத்துக்குக் கிட்ட இருக்கிறது. வந்தவுடன் உள்ளே ஓடவேண்டாம். அகழிக் கரையில் நின்று சுவரைக் காட்டுங்கள். கதைப்புத்தகத்தில் கோட்டை பார்த்த பிள்ளை, "உயரமான கோபுரம் எங்கை?" என்று கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. அம்பும் வேலும் வைத்துச் சண்டை பிடித்த காலத்தில் உயரமான மதில் காப்பாற்றும். பீரங்கி வந்த பிறகு உயரமான மெல்லிய மதிலைக் குண்டு சரித்துவிடும். அதனால் இந்தச் சுவர் பதிவாகவும் தடிப்பாகவும், நடுவில் மண் நிரப்பியும் கட்டப்பட்டது.

கல்லைத் தொட்டுப் பார்க்கவும் விடுங்கள். பெரும்பாலும் முருகைக்கல். கிட்டப் பார்த்தால் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்கள் தெரியும், கடலில் உயிர்கள் கட்டிய கல் அது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு திருத்தவேலை நடந்தது. பழைய கல் எது, புதுக் கல் எது என்று பிரித்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை நீண்ட நேரம் அலுக்காமல் நிற்கும்.

படி 4: மதிலில் ஏறி ஐங்கோணத்தைப் பிடியுங்கள்

என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. போர்த்துக்கேயர் கட்டியது நாற்பக்கக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் (நெதர்லாந்துக்காரர்) ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். ஐந்து மூலையிலும் அம்புமுனை போல வெளியே தள்ளிய கொத்தளங்கள்.

ஏன் அப்படித் தள்ளவேண்டும்? ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் நின்று, அடுத்த கொத்தளம் வரை சுவரடியைப் பார்க்கச் சொல்லுங்கள். "கள்ளன் வந்தால் இந்தச் சுவரடியில் எங்கே ஒளிக்கலாம்?" என்று கேளுங்கள். தேடித் தேடிப் பார்ப்பார்கள், இடம் கிடைக்காது. ஒவ்வொரு சுவரையும் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுடலாம். கணக்குப் பாடத்தில் ஐங்கோணம் கீறத் தெரிந்த பிள்ளைக்கு அது எதற்கு உதவும் என்று இங்கே விளங்கும்.

கோட்டையின் வெளிப்புறக் காப்பு வேலை எல்லாம் முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் சண்டையில்லாமலே வாங்கிக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளிடம் "ஏன் அப்படி நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மேலே நடக்கும்போது ஒரு கண்டிப்பு: மதில் விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. சின்னவர்களின் கையை விடக்கூடாது. அப்பம்மா, தாத்தா ஏறத் தேவையில்லை, உள்வெளியில் ஆறுதலாக இருக்கட்டும்.

படி 5: இடிபாடுகளுக்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள்

உள்ளே ஒல்லாந்தரின் தேவாலயம் இருந்தது. 1706இல் கட்டியது, நாலு கையும் ஒரே நீளமான சிலுவை வடிவம். "அதை ஆர் உடைச்சது அப்பா?" என்ற கேள்வி இங்கே வரும். பேச்சை மாற்றாதீர்கள். இராணுவம் கோட்டைக்குள் இருந்தது, புலிகள் வெளியே சுற்றி நின்றார்கள், 1990இல் மாதக்கணக்காகச் சண்டை நடந்தது, அதில் தேவாலயம் அழிந்தது. வயதுக்கு ஏற்ற அளவில் இவ்வளவைச் சொன்னால் போதும். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் கூட வந்திருந்தால் அவரைப் பேச விடுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் கேட்டு நெருக்கவும் வேண்டாம்.

குவிந்து கிடக்கும் கற்களின்மேல் ஏறவிடாதீர்கள், ஒரு துண்டுகூட எடுத்துவரவும் விடாதீர்கள்.

படி 6: வெளிக்கிடும் முன்

மூடும் நேரத்தை உள்ளே போகும்போதே வாசலில் கேட்டு வையுங்கள். பொழுதுபட முன்னர் பண்ணைப் பக்க மதிலில் இடம்பிடித்தால் தீவுகளுக்குப் போகும் பாதை கடலுக்குள் நீளுவதைக் காணலாம். அந்தப் பாதையால் அடுத்த முறை ஊர்காவற்றுறைப் பக்கம் போங்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள்ளேயே ஒரு கோட்டை நிற்கிறது. அதற்குச் சுற்றிவர ஏன் அகழி வெட்டவில்லை என்று போகிற வழியில் பிள்ளைகளிடம் கேளுங்கள்.