கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? ஆங்கிலத்தில் இயல்பாகக் கேட்கும் முறை

கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கும், ராமேஸ்வரத்தில் வெளிமாநிலப் பயணிகளுக்குப் பதில் சொல்கிறவருக்கும் அன்றாடம் தேவைப்படும் பேச்சு இது.

படி 1: 'வில்' வேண்டாம்

தினமும் திறப்பதையும், நாளைக்குத் திறக்கப்போவதையும் தமிழில் "திறப்பீங்க" என்றே கேட்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் "வென் யூ வில் ஓப்பன்?" என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வழக்கமான நேரத்துக்கு 'டூ' போதும். அதுவும் 'யூ'வுக்கு முன்னால் வரவேண்டும்:

"வாட் டைம் டூ யூ ஓப்பன்?"
"வாட் டைம் டூ யூ க்ளோஸ் டுடே?"

மற்றவை பிறகு வரலாம். இந்த இரண்டும் யோசிக்காமல் வரும்வரை உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

"வாட் இஸ் யுவர் டைமிங்?" நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் "வாட் ஆர் யுவர் அவர்ஸ்?" என்பதே இயல்பு.

படி 2: இப்போது திறந்திருக்கிறதா?

"ஆர் யூ ஓப்பன் நவ்?" என்று கேளுங்கள். 'ஓப்பன்ட்' என்றால் தவறு; திறந்திருக்கும் நிலைக்கே 'ஓப்பன்' என்றுதான் பெயர். மூடியிருந்தால் மட்டும் 'க்ளோஸ்ட்'.

கிழமைக்கு: "ஆர் யூ ஓப்பன் ஆன் ஃப்ரைடேஸ்?" அமீரகம் போகிறவர்கள் இதை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் அங்கே மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை; வெள்ளி அரை நாள்.

படி 3: எதுவரை?

"ஹவ் லேட் ஆர் யூ ஓப்பன்?" இங்கே 'லேட்' தாமதம் இல்லை, 'இரவு எதுவரை' என்று பொருள். உணவகத்தில் கதவு சாத்துவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதனால் "வென் இஸ் த லாஸ்ட் ஆர்டர்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

இடத்தைப் பற்றிக் கேட்டால் 'டூ', 'டஸ்' ஆகும். ராமநாதசுவாமி கோயில் பற்றிப் பயணி கேட்பது: "டஸ் இட் க்ளோஸ் இன் தி ஆஃப்டர்நூன்?" உங்கள் பதில்: "யெஸ், இட் க்ளோஸஸ் அட் ஒன் அண்ட் ரீஓப்பன்ஸ் அட் த்ரீ." பதிலில் 'டஸ்' போய், வினையின் கடைசியில் 'ஸ்' ஒட்டிக்கொள்வதைக் கவனியுங்கள்.

படி 4: பதிலைத் திருப்பிச் சொல்லுங்கள்

கேள்வி சரியாக வந்தும் பதிலில் கோட்டைவிடுவோர் அதிகம். 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் பின்பாதியில், 'ஃபிஃப்டி'யில் முன்பாதியில். போனில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். "ஸோ, யூ க்ளோஸ் அட் எய்ட் ஃபிஃப்டீன்?" என்று திருப்பிக் கேளுங்கள். அப்போதும் சந்தேகமா? "எய்ட், ஒன் ஃபைவ்?" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.