மொட்டை மாடியிலிருந்து பறவைக் கணக்கு: இ-பேர்டில் பதிவது எப்படி

2015 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும், பிப்ரவரியில் உலகம் முழுக்க 4 நாள் நடக்கும் கொல்லைப்புறக் கணக்கெடுப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம், செயலி) ஏற்றுவது. சத்துவாச்சாரி மாடி போதும், காட்பாடிக் கொல்லையும் போதும். வேலூர் வெயில் ஏறினால் பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். விடிந்த கையோடு உட்காருங்கள்.

இடத்தைக் குறிக்கும்போது வரைபடத்தில் உங்கள் தெருமேலேயே புள்ளி வையுங்கள். பட்டியலை யாரும் பார்க்கலாம் என்பதால் இடத்தின் பெயரில் கதவு எண் வேண்டாம். வீட்டுக்குள் இருந்தால் ஜிபிஎஸ் தடுமாறி, நீங்கள் அரை கிலோமீட்டர் நடந்ததாகக் காட்டும். அனுப்பும்முன் அதைப் பார்த்து, 'ஒரே இடத்தில் நின்று' என்ற வகைக்கு மாற்றிவிடுங்கள்.

எண்ணுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வேலியோரம் சருகைப் புரட்டிக்கொண்டு வரும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் முதலில் 5 தெரிகிறது, பத்து நிமிடம் கழித்து 7. கணக்கு 12 அல்ல, 7. ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்சம்தான் எண். காகம் தென்படும்போதெல்லாம் செயலியில் தட்டிக்கொண்டே போனால் நான்கு காகம் நாற்பதாகும். இரு பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் குயில் கூவினால் 2. கருப்பாக இருப்பது ஆண், பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பது பெண். இரண்டும் ஒரே இனம், ஒரே வரி. சாயங்காலம் ஏரிப் பக்கம் திரும்பும் கொக்குக் கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்த அளவு எத்தனை மடங்கு என்று பாருங்கள். எண்ணவே முடியாதபோது மட்டும் எக்ஸ் போடலாம். தோராயமான எண் அதைவிட மேல்.

கூண்டுக் கிளியும் பக்கத்து வீட்டுக் கோழியும் சேராது. குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை அப்படியே நம்பிப் பதியாதீர்கள்: கரிச்சான், வைரி என்ற வேட்டைப்பறவையைப் போலவே கத்தும். பறவையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

முடிவில் வரும் கேள்வி: அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா? பெயர் தெரியாத ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தாலும் 'ஆம்' என்றே சொல்லலாம். "காகம்தானே" என்று வேண்டுமென்றே விட்டிருந்தால் 'இல்லை'. 'ஆம்' என்று சொன்ன முழுப் பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் ஒரு பறவை வருகிறது என்பதை வைத்துத்தான் அது பெருகுகிறதா அருகுகிறதா என்று பார்க்கிறார்கள். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை எடைபோட்டதும் இ-பேர்ட் பட்டியல்களைக் கொண்டுதான். 'ஆம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுதாத காகம், அன்று அங்கே காகம் தென்படவில்லை என்றே பதிவாகும்.

அபூர்வப் பறவையோ பெரிய எண்ணோ என்றால் செயலி விளக்கம் கேட்கும். "நன்றாகப் பார்த்தேன்" என்பது உதவாது. அலகு நிறம், வால் நீளம், எவ்வளவு தூரம், எப்படி எண்ணினீர்கள் என்று எழுதுங்கள். பிறகு சரிபார்ப்பவர் மின்னஞ்சலில் கேட்டால் பதில் போடுங்கள். தவறு என்று தெரிந்தால் அனுப்பிய பட்டியலையும் திறந்து திருத்தலாம்.