ஈரலும் டயட்டும்: கீழக்கரைப் பக்கம் நான் பார்க்கும் தவறுகள்

கறிக்கடையில் இப்போது ஈரலுக்குத்தான் முதல் கிராக்கி. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ, கொழுப்பையே நம்பும் கீட்டோ, இறைச்சி மீன் முட்டை மட்டும் தின்னும் கார்னிவோர் என்று ஆளுக்கொரு டயட் அட்டவணை கைப்பேசியில் இருக்கிறது. ஜவ்வை உரிக்காதது, உப்பை முதலிலேயே போட்டுக் கல்லாக்குவது எல்லாம் வீட்டுப் பெரியவர்களே திருத்திவிடுவார்கள். நாங்கள் பேலியோ தொடங்கிய காலத்துக் கோளாறுகளைப் புதியவர்கள் அப்படியே செய்கிறார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

தினமும் ஈரல்

இதைக் கண்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. "சத்து நிறைய, மாவுச்சத்து சொற்பம், அப்புறம் என்ன?" என்று காலையிலேயே கால் கிலோவை மிளகு போட்டு வதக்கித் தின்கிறார்கள். 100 கிராம் பச்சைச் செம்மறி ஈரலில் வைட்டமின் ஏ சுமார் 7,000 மைக்ரோகிராம். நமக்கு நாளொன்றுக்கு 1,000 இருந்தாலே தாராளம். 3,000-ஐத் தாண்டித் தொடர்ந்து போகக் கூடாது. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். ஏ அப்படியில்லை, கொழுப்பில் கரைந்து நம் ஈரலிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

ஏர்வாடிப் பக்கம் தெரிந்த தம்பி ஒருவன். தினசரி ஈரல், போதாததற்கு அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை. அதிலும் ஏ உண்டு. உதடு வெடித்தது, தோல் உரிந்தது, முடி கொத்தாக வந்தது, ஓயாத தலைவலி வேறு. "உடம்பு டயட்டுக்குப் பழகுது காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), சரியாயிரும்" என்று ஈரலை இன்னும் கூட்டினான்! ஷாம்பு, தைராய்டு டெஸ்ட், ஸ்கேன் என்று பணம் கரைந்த பிறகுதான் ஒரு டாக்டர், "என்ன சாப்பிடுறே?" என்று கேட்டார். இரண்டையும் நிறுத்தித் தேற மாதங்கள் ஆயின.

வாரம் ஒரு நாள், 100 கிராம். ஏழு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். கோழி ஈரலில் ஏ இதில் பாதிக்கும் குறைவு. அதற்காக அதையும் தினமும் வேண்டாம்.

கர்ப்பிணிக்கு ஈரல்

"ரத்தம் ஊறும்" என்று மாமிமார் ஆசையாக ஊட்டுவார்கள். முதல் மாதங்களில் ஏ மிஞ்சினால் குழந்தை உருவாவதிலேயே கோளாறு வரலாம். இரும்புச்சத்துதான் நோக்கம் என்றால் சுவரொட்டி (மண்ணீரல்) இருக்கிறதே: செம்மறி சுவரொட்டியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்பு, ஈரலில் 7 சொச்சம்தான். ஏ இதில் பொருட்டே இல்லை. ஆனால் தணலில் வாட்டி ரத்தம் கசியக் கசியக் கொடுக்காதீர்கள், முழுக்க வேக வேண்டும். டாக்டர் தந்த இரும்பு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

கீட்டோவில் ஈரலை மட்டும் நம்புவது

100 கிராமில் கொழுப்பு 5 கிராம்தான். பதினோரு மணிக்கே பசிக்கும். முட்டையோ தேங்காயோ சேருங்கள்.

கார்னிவோர்காரர்களின் மீன் ஈரல்

பேத்தை என்கிற நச்சு மீனின் ஈரல், சினை இரண்டையும் தொடாதீர்கள். எவ்வளவு கொதித்தாலும் அந்த விஷம் போகாது.

யூரிக் ஆசிட் கூடியிருந்தும் தின்பது

எந்த டயட்டானாலும் ஈரல், கிட்னி, சுவரொட்டி வேண்டாம். நெத்திலியையும் சாளையையும் சேர்த்தே குறையுங்கள்.