தேக்கிலையைத் தட்டினால் சிவப்பு

பிள்ளைகள் கையில் ஊசியைக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டைக் கஞ்சி போக அலசி, படிகாரத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து உலர்த்துங்கள். அதன் பாதியில் தேக்கின் இளந்தளிரை விரித்து, மறுபாதியை மேலே மடித்து, பலகையில் வைத்து மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். பார்க்கப் பச்சை இலைதான், ஆனால் துணியில் இறங்குவது சிவப்பு! நரம்புகள்கூடக் கோடு கோடாகத் தெரியும். முற்றிய இலை வேண்டாம், சாறு போதாது.

சின்னவர்களுக்கு இதுவே போதும். பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் அந்த நரம்புகள் மேலேயே காம்புத் தையல் (முறுக்கிய கயிறுபோல் கோடாக வரும் 'ஸ்டெம் ஸ்டிச்') போடலாம். 'எனக்கு வரைய வராது' என்ற சாக்கு இங்கே எடுபடாது. வெயிலில் சாயம் மங்கினாலும் தையல் நிற்கும். அப்புறம், தட்டும்போது பழைய சட்டை போட்டுவிடுங்கள்.