கிரைண்ட்கோர் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மெட்டல் இசை கேட்டு வளர்ந்த பையன்கள், மெட்டலும் பங்கும் கலந்த அதிவேக இசையான கிரைண்ட்கோருக்கு வந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு பிபிஎம் போவீங்ணா?" என்றுதான். பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற கணக்கு. வேகத்தை மட்டும் துரத்துகிறவனுக்குக் கடைசிவரை வேகம் வருவதில்லை. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

இந்த இசையின் அதிவேக டிரம்ஸ் அடியான பிளாஸ்ட் பீட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வடிவத்தில் காலால் அடிக்கும் கிக் டிரம் ஒரு அடி, இடது கையால் அடிக்கும் ஸ்நேர் டிரம் ஒரு அடி என்று மாறி மாறி விழும். வலது கை கிக்கோடு சேர்ந்து ஹைஹாட் சிம்பலில் போகும். 200 பிபிஎம்மைத் தொட்டதும் நம் பையன்களுக்கு இடது கை சோர்ந்துவிடும். ஸ்நேர் அடி வெறும் தடவலாகிவிடும், சிம்பல் மட்டும் இரையும். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோன் வாசலில் நின்று கேளுங்கள். ஊடை நூலை ஏந்தி ஓடும் நாடா அந்தப் பக்கம் போவதும் இந்தப் பக்கம் வருவதும் ஒரே கனத்தில் கேட்கும். ஒரு பக்கம் அடி தளர்ந்தால் நாடா பாவுக்கு நடுவிலேயே நின்றுவிடும். பிளாஸ்ட் பீட்டும் அப்படித்தான். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 100இல் வைத்து, மணிக்கட்டால் மட்டும் அடித்துப் பழகுங்கள். முன்கை இறுகுவது தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இறுக்கத்தோடு வாசித்துப் பழகினால் அந்த இறுக்கம்தான் கையில் தங்கும். ஸ்நேரும் கிக்கும் ஒரே அளவாகக் கேட்டால் மட்டும் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

கிட்டார்காரர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. மெல்லிய ஸ்ட்ரிங்கைப் போட்டுக்கொண்டு பி (B) சுரம் வரைக்கும் ட்யூனிங்கை இறக்குவார்கள். கம்பி தொளதொளவென்று ஆடும், இரண்டு சுரங்களைச் சேர்த்து அடிக்கும் ஒவ்வொரு பவர் கார்டும் சுருதி விலகும். அதை மறைக்க, ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினை முழுசாகத் திருகுவார்கள், நடுத்தர ஒலியான மிட்ஸைச் சுத்தமாகக் குறைப்பார்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். பேண்டாகச் சேர்ந்து பயிற்சி செய்யும் ஜாம் ரூமில் டிரம்ஸ் சேர்ந்த நொடியில் கிட்டார் காணாமல் போய்விடும். தடித்த ஸ்ட்ரிங் போடுங்கள், கெயினைக் குறையுங்கள், மிட்ஸை ஏற்றுங்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, தானாக மேலே வரும்.

பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரின் வோர்ம்ராட் என்ற கிரைண்ட்கோர் பேண்ட்காரர்கள் பேஸ் இல்லாமல் மூன்றே பேராக நின்று 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா வரை போய் வாசித்தார்கள்.

கிரைண்ட்கோரை, உறுமல் குரலில் பாடும் மெட்டல் வகையான டெத் மெட்டலின் வேகமான வடிவம் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான தவறு. இதன் பாதி உடம்பு பங்க் என்ற முரட்டு ராக் இசை. தாழ்ந்த ட்யூனிங்கும் உறுமலும் மெட்டல் கொடுத்தவை; சுருக்கம், நேரடிப் பேச்சு, அரசியல் கோபம் எல்லாம் பங்க் கொடுத்தவை. பர்மிங்காம் பக்கத்திலிருந்து வந்த நேபாம் டெத் பேண்ட் 1987இல் வெளியிட்ட 'ஸ்கம்' ஆல்பத்தில் 28 பாடல்கள், மொத்தமே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் ஒரு பாட்டு 1.316 நொடிதான். அந்த ஆல்பம் பன்னாட்டு நிறுவனங்களைத் திட்டிக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்தக் கோபத்தை விட்டுவிட்டு ரத்தம், பிணம் என்று இரவல் வார்த்தைகளை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நொய்யலில் சாயத்தண்ணி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம் அது. இதைப் பாட ஒரு நிமிடம் போதும், அதைத் தமிழிலேயே பாடலாம்.

பாட்டு சின்னது என்பதற்காக முதல் நொடியிலிருந்து கடைசிவரை பிளாஸ்ட் பீட்டாகவே போட்டுவிடாதீர்கள். 50 நொடிப் பாட்டிலும் நடுவில் எட்டு நொடி மெதுவாக, கனமாக இறங்கி ஏறிப் பாருங்கள். அந்த இறக்கத்துக்குப் பிறகு வரும் வேகம்தான் கேட்பவரை உலுக்கும்.

பாடுகிறவர்கள் தொண்டையை நெரித்துக் கத்தக்கூடாது. மூச்சு அடிவயிற்றிலிருந்து வரட்டும். வலித்தால் அன்றைக்கு அதோடு சரி. குரல் கம்மிப்போனபின் "இன்னொருக்கா பார்க்கலாம்" என்று தொடங்கவே தொடங்காதீர்கள்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். மூடிய ஜாம் ரூமில் டிரம்ஸ் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். முப்பது வருடம் தறி ஓட்டிய என் மாமாவிடம் இன்றைக்கும் வலது பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். அவர் காலத்தில் குடோனில் கிடந்த பஞ்சைத்தான் காதில் வைத்துக்கொண்டார்கள். பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது. மருந்துக்கடையில் ஃபோம் இயர்பிளக் கிடைக்கும். விரலில் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ணும் முதல் ஸ்டிக் கவுன்ட்டுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.